பார்க்க அழகு, முட்டையும் குறையக் கூடாது: எந்தச் சேவலுக்கு எந்தப் பெட்டை?

ஹொஸ்கோட்டைத்தோட்டம்:
வணக்கம். ஹொஸ்கோட்டைக்கு வெளியே தோட்டத்தில் 25 முட்டைக்கோழி நிற்கும் அளவுக்குக் கொட்டகை போட்டாயிற்று. மேயவும் இடம் உண்டு. எல்லாம் ஒரே பழுப்பாக இல்லாமல், நிறம் நிறமாக ஒரு கூட்டம் வேண்டும். ஆனால் ஒரு கோழிக்கு வருடம் 180 முட்டைக்குக் கீழே இறங்கக் கூடாது. மனதில் இருப்பவை: கடக்நாத் (கருங்கோழி), ரோட் ஐலண்ட் ரெட், வெள்ளை லெகார்ன், ஒரு பெருவிடைச் (அசில் என்னும் சண்டைக்கோழி) சேவல். நீல முட்டை இனத்துச் சேவல் ஒன்றும் விலைக்கு வருகிறது. எல்லாவற்றையும் ஒன்றாக விட்டு, பொரிக்கிற குஞ்சில் நல்லதாகப் பார்த்து எடுத்து வளர்த்தால் போதுமா?

கொண்டைப்பூ:
போதாது. ஒன்றாக விட்டால் எந்தக் குஞ்சுக்கு எது தகப்பன் என்றே தெரியாது. நல்ல பெட்டை கிடைத்தாலும் அதைத் திரும்ப உருவாக்க வழி இருக்காது. பெருவிடைச் சேவல் மற்ற சேவல்களை அடித்து ஒதுக்கிவிட்டு, பாதிக்கு மேல் குஞ்சுகளுக்கு அதுவே தகப்பனாகும். உங்கள் பட்டியலில் முட்டை மிகவும் குறைந்த இனம் அதுதான்.

இரண்டு தூய இனத்தைச் சேர்த்தால் வரும் முதல் தலைமுறையில்தான் கலப்பு வீரியம் (தாய் தகப்பனின் சராசரியைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் பலம்) முழுதாக இருக்கும். முட்டை எண்ணிக்கை, குஞ்சு தங்குவது, பொரிப்பு இவை மூன்றிலும் அது நன்றாகத் தெரியும். முட்டையின் எடையில் பெரிதாகத் தெரியாது. அந்தக் கலப்புகளையே தங்களுக்குள் சேர்த்து இரண்டாம் தலைமுறை எடுத்தால் வீரியம் பாதியாகிவிடும். நிறமும் குணமும் சிதறும்: ஒன்று நன்றாக முட்டையிடும், அதன் உடன்பிறப்பு அடிக்கடி அடையில் கிடக்கும். ஆகவே தூய தாய் தகப்பனைத் தனியாகக் கட்டி வையுங்கள். முட்டைக்கோழி வேண்டும்போதெல்லாம் புதிதாகக் கலப்பெடுங்கள். கலப்பிலிருந்து கலப்பு எடுக்காதீர்கள்.

180க்குக் கணக்கு: தாயின் முட்டை எண்ணிக்கையும் தகப்பன் இனத்துப் பெட்டையின் எண்ணிக்கையும் கூட்டி இரண்டால் வகுங்கள். வீரியத்துக்கு 10 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். கடக்நாத் வருடம் சுமார் 105, நல்ல ரோட் ஐலண்ட் சுமார் 220. சராசரி 162, வீரியம் சேர்த்தால் 178. நீங்கள் கேட்கும் எண்ணைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். பெருவிடை வருடம் 30, 40தான் போடும். அதை 280 போடும் லெகார்னோடு சேர்த்தாலும் 175ஐத் தாண்டுவது கடினம்.

பெருவிடை_பன்னேர்கட்டா:
கொண்டைப்பூ அண்ணா, கணக்கு சரிதான். ஆனால் பெருவிடையை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். இஜ்ஜத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம் அசில் கலப்பில் காரி நிர்பீக், கடக்நாத் கலப்பில் காரி ஷியாமா, மொட்டைக் கழுத்துக் கலப்பில் ஹிட்காரி என்று முட்டைக்கோழிகளை வெளியிட்டிருக்கிறது. தாய்ப் பக்கம் நன்றாக முட்டையிடும் வம்ச வரிசையாக இருந்தால் நாட்டு ரத்தம் பாதி இருந்தும் முட்டை வரும். நிமிர்ந்த நடையும் இறுகிய சிறகும் அசில் கொடுப்பதுபோல வேறெந்த இனமும் கொடுக்காது.

கொண்டைப்பூ:
தம்பி, அந்தக் கோழிகளில் தாய் வரிசை பல தலைமுறையாக முட்டைக்கென்றே தேர்ந்தெடுத்தது. சந்தையில் வாங்கும் சிவப்புக் கோழியை வைத்து அந்த எண்ணிக்கையை எதிர்பார்க்கக் கூடாது.

உடல் அளவும் இடிக்கும். 4 கிலோவைத் தாண்டிய பெருவிடை, ஒன்றரைக் கிலோ லெகார்ன் மேல் ஏறினால் முதுகுச் சிறகு பிய்ந்து தோல் கிழியும். பெட்டை மிரண்டு ஒதுங்கிக்கொள்ளும், கரு கூடுவதும் குறையும். கட்டாயம் அசில் வேண்டுமென்றால் 3 கிலோவுக்குள் உள்ள இளம் சேவலாக எடுத்து, கால் முள்ளின் நுனியையும் நகத்தையும் தேய்த்து மழுக்கி, கனமான ரோட் ஐலண்ட் பெட்டைக்கு விடுங்கள். அசில் கலப்புப் பெட்டைகள் மற்ற கோழிகளைக் கொத்தி விரட்டும். தீவனத் தொட்டி இரண்டு மூன்று இடத்தில் வேண்டும்.

ஹொஸ்கோட்டைத்தோட்டம்:
அப்படியானால் கடக்நாத்தையே அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கம்பக்கத்தில் கடக்நாத் கலப்பு என்று விற்பதெல்லாம் வெளிறிய தோலோடு இருக்கிறது. கருந்தோல் கலப்பில் தங்காதா?

மரபுவரி:
தங்கும். எது சேவல், எது பெட்டை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தக் கலப்பில் பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கோழியில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டைக் குஞ்சுக்கு வரும் ஒரே இசட் தகப்பனுடையது. சேவல் குஞ்சுக்குத் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று.

கடக்நாத்தின் கருமைக்கு ஒரு ஓங்கு மரபணு (தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே குணத்தைக் காட்டுவது) காரணம். அது சாதாரணக் குரோமோசோமில் இருப்பதால் எல்லாக் குஞ்சுக்கும் வந்துவிடும். ஆனால் அந்தக் கருமை தோலில் இறங்காமல் அடக்கும் வேறொரு மரபணு இசட் குரோமோசோமில் இருக்கிறது. மஞ்சள் கால் கொண்ட ரோட் ஐலண்டிலும் லெகார்னிலும் இந்த அடக்கி உண்டு, கடக்நாத்தில் இல்லை.

ரோட் ஐலண்ட் சேவலை கடக்நாத் பெட்டைக்கு விட்டால், ஆண் பெண் என்றில்லாமல் எல்லாக் குஞ்சுக்கும் தகப்பனின் அடக்கி போய்ச் சேரும். எல்லாமே வெளிறும். நீங்கள் பார்த்தது அநேகமாக இந்தக் கலப்புதான்.

கடக்நாத் சேவலை ரோட் ஐலண்ட் பெட்டைக்கு விட்டால், பெட்டைக் குஞ்சின் இசட் கடக்நாத்திடமிருந்து வருவதால் அதில் அடக்கி இல்லை, தோல் நன்றாகக் கறுக்கும். சேவல் குஞ்சுக்குத் தாயின் அடக்கி வந்து தோல் வெளுக்கும். மரபியல் ஆய்வாளர்கள் பேட்சனும் பன்னட்டும் கருந்தோல் சில்கி கோழியையும் பழுப்பு லெகார்னையும் இருபுறமும் மாற்றிச் சேர்த்து 1911இல் வெளியிட்ட முடிவும் இதுதான். ஆகவே இந்தக் கலப்பில் உங்களுக்கு இரண்டு லாபம். வைத்துக்கொள்ளும் பெட்டை கருந்தோலோடு, கழுத்தில் செம்பொன் இழையோடிய கருஞ்சிறகோடு வரும். சேவல் குஞ்சையும் சீக்கிரமே பிரித்துவிடலாம்.

பிரிக்கும்போது காலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கறுப்புச் சிறகு இனத்தின் சாயம் காலின் மேல் தோலிலும் படியும் என்பதால் சேவல் குஞ்சின் காலும் கறுப்பாகத் தெரியலாம். இறக்கைக்கு அடியிலும் வயிற்றிலும் தோலைப் பாருங்கள். சந்தேகமாக இருப்பதை 4 வாரம் விட்டு, முகமும் கொண்டையும் எப்படி வருகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒன்று மட்டும்: கடக்நாத் முட்டை கறுப்பு இல்லை. லேசான பழுப்பு கலந்த பாலேட்டு நிறம். கறுப்பு முட்டை என்று யாராவது சொன்னால் அவரிடம் கோழியும் வாங்காதீர்கள்.

அடைக்கூடை:
மரபுவரி சார், அடைக் குணத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே? கடக்நாத் கலப்பில் முட்டையைக் குறைப்பது அதுதான். 15, 20 முட்டை போட்டதும் கூட்டில் உட்கார்ந்து எழுந்திருக்காது.

மரபுவரி:
உண்மைதான் அக்கா. அடைக்கு ஒரே மரபணு காரணமில்லை, பல சேர்ந்தது. நாட்டு ரத்தம் பாதி இருந்தால் ஒரு பகுதி அடை உட்காரும் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடக்நாத் சேவல் வாங்கும் இடத்தில், அதன் தாய் எத்தனை நாள் விட்டு எத்தனை முட்டை போட்டது என்று எழுதி வைத்திருப்பவரிடம் வாங்கினால் பாதிச் சிக்கல் குறையும். கொண்டையின் அழகை மட்டும் பார்த்துச் சேவல் எடுத்தால் முட்டை போய்விடும்.

அடைக்கூடை:
உட்கார்ந்துவிட்டால் செய்ய வேண்டியது: கூட்டில் முட்டையை விட்டு வைக்காமல் தினம் இரண்டு முறை எடுத்துவிடுங்கள். அடைக்கோழியைக் கம்பிவலை அடித்தளமுள்ள, தரையிலிருந்து தூக்கி வைத்த கூண்டில் போடுங்கள். வைக்கோல், சாக்கு எதுவும் கூடாது, அடியில் காற்று ஓட வேண்டும். தீவனமும் தண்ணீரும் வழக்கம்போல வையுங்கள். தண்ணீரில் முக்குவது, பட்டினி போடுவது எல்லாம் கோழிக்கு வதை, பலனும் இல்லை. உட்கார்ந்த முதல் நாளே போட்டால் 3 முதல் 5 நாளில் தெளியும். ஒரு வாரம் கழித்துப் போட்டால் தெளியவும் நாளாகும். திரும்ப முட்டைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும்.

ஜெயநகர்_முட்டைக்கூடை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பழுப்புக் கோழி பி.வி. 380 மலிவாகக் கிடைக்கிறதே, அதையே தாயாக வைத்தால் என்ன?

கொண்டைப்பூ:
வைக்கலாம், ஒரு தலைமுறைக்கு மட்டும். அதுவே பல வரிசை சேர்ந்த கலப்பு என்பதால் குஞ்சுகள் ஒரே மாதிரி வராது. முட்டை இனத்தில் வெள்ளை நிற மரபணு ஒளிந்திருக்கும் வாய்ப்பு உண்டு. கடக்நாத் சேவலோடு சேர்த்தால் சில குஞ்சு கறுப்பாகவும் சில வெள்ளையில் கறுப்புப் புள்ளியோடும் வரலாம். நிறம் நிறமாகக் கேட்பவருக்கு அது குறையில்லை. பண்ணையில் கழித்து விற்கும் வயதான கோழியை மட்டும் வாங்க வேண்டாம். ஓடு மெலிந்து, முட்டை பெருத்து, பொரிப்பு விழுந்துவிடும். 30 முதல் 50 வார வயதுக்குள் இருப்பது அடைமுட்டைக்கு நல்லது.

கலப்பெடுக்கவே நேரமில்லை என்றால் பெங்களூர் ஹெப்பாளில் உருவான ஸ்வர்ணதாரா குஞ்சை வாங்கி வளர்க்கலாம். நிறமும் உண்டு, முட்டையும் ஏறக்குறைய 180 வரும். அதிலிருந்து குஞ்சு எடுத்தால் மேலே சொன்ன சிதறல்தான்.

நீலஓடு:
நீல முட்டைச் சேவலைப் பற்றி நான் சொல்கிறேன். நீல ஓட்டுக்கு ஒரே ஓங்கு மரபணு போதும், அதனால் முதல் கலப்பிலேயே நிறம் வந்துவிடும். நீலம் ஓட்டின் உள்ளும் புறமும் ஊறியிருக்கும். பழுப்பு மேலே மட்டும் பூசியதாக இருக்கும். ஆகவே நீலச் சேவலுக்கு வெள்ளை லெகார்ன் பெட்டை என்றால் மகள்கள் இளநீல முட்டை போடும். ரோட் ஐலண்ட் பெட்டை என்றால் நீலத்தின் மேல் பழுப்பு ஏறிப் பச்சையாகத் தெரியும். எண்ணிக்கை வேண்டுமென்றால் லெகார்ன்தான்.

சேவல் முட்டையிடாது, அதனிடம் நீலம் ஒன்று இருக்கிறதா இரண்டா என்று எப்படித் தெரியும்? விற்பவர் பட்டாணிக் கொண்டையை (மூன்று வரிசைச் சிறு முண்டுகளாக இருக்கும் தாழ்ந்த கொண்டை) காட்டுவார். நீல மரபணுவும் பட்டாணிக் கொண்டையும் ஒரே குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் நீல முட்டையிடும் அரௌக்கானா இனத்தின் வழி வந்த இனங்களில் அது ஓரளவு அடையாளம்தான். ஆனால் அசிலுக்கும் பட்டாணிக் கொண்டை உண்டு, நீலம் கிடையாது. அசில் கலந்த சேவலை நீலம் என்று விற்றால் கொண்டையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கிரீம் லெக்பார் இனத்தில் ஒற்றைக் கொண்டையோடே நீலம் இருக்கும், அங்கேயும் இந்த அடையாளம் உதவாது.

நம்பகமான வழி மகள்களைச் சோதிப்பதுதான். வெள்ளை முட்டையிடும் பெட்டைக்கு விட்டு 6 மகள்களை முட்டைக்குக் கொண்டுவாருங்கள். ஒன்று வெள்ளை போட்டாலும் சேவலிடம் நீலம் ஒன்றுதான், பாதி மகள்களே நீலம் போடும். ஆறும் நீலம் என்றால் இரண்டு இருப்பதாக நம்பலாம். ஒன்று மட்டும் வைத்திருக்கும் சேவலுக்கு ஆறு மகள்களும் நீலமாக அமைய 64இல் 1 வாய்ப்புதான். இந்தச் சோதனைக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், சேவலுக்குப் பெரிய விலை கொடுப்பதற்கு முன் அதன் சகோதரிகள் போட்ட முட்டையைக் கேட்டுப் பாருங்கள்.

ஹொஸ்கோட்டைத்தோட்டம்:
ரொம்ப நன்றி. பொரித்தவுடனே பெட்டை, சேவல் பிரிக்க நிறத்தை வைத்து வேறு கலப்பு இருக்கிறதா? ரோட் ஐலண்ட் சேவலும் லெகார்ன் பெட்டையும் சேர்த்தால் சிவப்பு வருவது பெட்டை என்கிறார்களே?

மரபுவரி:
அது தவறு. வெள்ளை லெகார்னின் வெள்ளை ஓங்கு நிறம், ஏறக்குறைய எல்லாக் குஞ்சும் வெளுத்தே வரும். அதில் நிறம் பார்த்துப் பிரிக்க முடியாது.

பிரிக்க வேண்டுமென்றால் ரோட் ஐலண்ட் சேவலை, வரி போட்ட பிளைமவுத் ராக் பெட்டைக்கு விடுங்கள். வரி மரபணுவும் இசட்டில் இருப்பது. தாயின் வரி மகனுக்கு மட்டும் போகும். பொரித்த குஞ்சில் தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், பொட்டில்லாமல் முழுக் கறுப்பாக இருந்தால் பெட்டை. வளர்ந்த பெட்டை கறுப்பில் கழுத்தும் மார்பும் செம்பொன் கலந்து அழகாக இருக்கும், பழுப்பு முட்டை, அடையும் குறைவு. வரிச் சேவலை ரோட் ஐலண்ட் பெட்டைக்கு மாற்றி விட்டால் எல்லாக் குஞ்சுக்கும் வரி வரும், இரண்டுக்கும் பொட்டு இருக்கும், பிரிக்க முடியாது. தாய் தூய வரி இனமாக இருப்பது முக்கியம்.

சாம்பல்நீலச் சிறகு வேண்டுமென்றால் சாம்பல்நீலச் சேவலைக் கறுப்பு ஆஸ்ட்ராலார்ப் பெட்டைக்கு விடுங்கள். பாதி சாம்பல்நீலம், பாதி கறுப்பு. முட்டை குறையாமல் நிறம் கூட்ட இதைவிட எளிய வழி இல்லை. சாம்பல்நீலத்துக்குச் சாம்பல்நீலம் சேர்த்தால் கால் பங்கு கறுப்பு, பாதி சாம்பல்நீலம், கால் பங்கு வெளிறித் தெறித்த நிறம். இந்த மரபணு கறுப்புச் சாயத்தைத்தான் மாற்றும். சிவப்புக் கோழியோடு சேர்த்துவிட்டு முழு உடலும் நீலமாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

சுருட்டைச் சிறகு ஆசை வந்தால் சுருட்டைக்குச் சுருட்டை சேர்க்காதீர்கள். இரண்டு பக்கமும் அந்த மரபணு வந்த குஞ்சின் சிறகு ஒடிந்து உதிர்ந்து உடம்பு மொட்டையாகும்.

அடைக்கூடை:
இனி எத்தனை முட்டை வைப்பது என்ற கணக்கு. 25 பெட்டை வேண்டுமானால் 50 குஞ்சு நிலைக்க வேண்டும். சாவு, கழிப்புக்குச் சேர்த்து 56 பொரிய வேண்டும். சின்ன இன்குபேட்டரில் வைத்ததில் 60 முதல் 65 சதவீதம் பொரிந்தால் நல்லது, ஆக 90 முட்டை. எட்டுப் பெட்டை, 60 சதவீத முட்டை என்றால் நாளுக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு, வாரத்துக்கு 33. முட்டையை 7 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதனால் வாரம் ஒன்றாக மூன்று தொகுதி வையுங்கள். வயது வேறுபடும் குஞ்சுகளை முதல் மூன்று வாரம் தனித்தனியே வளர்க்க வேண்டும்.

சேர்த்து வைக்கும் முட்டை 15 முதல் 18 டிகிரியில் இருந்தால் நல்லது. ஃபிரிட்ஜில் வைத்தால் கரு செத்துவிடும். பெங்களூரில் டிசம்பர், ஜனவரியில் நிழலான அறை ஓரளவு குளிர்ந்திருக்கும். ஏப்ரலில் அப்படி இராது, அப்போது 3, 4 நாள் முட்டையை மட்டும் வையுங்கள். அழுக்கு முட்டையைக் கழுவாமல் ஒதுக்குங்கள். 50 முதல் 60 கிராம் வரை உள்ளதே போதும்.

காற்று சுழலும் மெஷினில் 37.5 டிகிரி. ஈரப்பதம் 18ஆம் நாள் வரை 50, 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65, 70. கையால் திருப்பினால் ஒரு நாளில் 3 அல்லது 5 முறை, ஒற்றைப்படையாக வைத்தால் இரவு தோறும் பக்கம் மாறும். 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்துங்கள். 7ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து நரம்பு ஓடாத கூமுட்டையை எடுத்துவிடுங்கள். முழு வளர்ச்சியோடு ஓட்டுக்குள் செத்த குஞ்சு நிறைய இருந்தால், கடைசி மூன்று நாள் மூடியை அடிக்கடி திறந்தீர்களா என்று முதலில் பாருங்கள். கரண்ட் போய் வருகிற இடமென்றால் இன்வர்ட்டர் இல்லாமல் வைக்காதீர்கள்.

ஹெப்பாள்_கால்நடை:
ஊசி பற்றிச் சுருக்கமாக. கலப்பு என்றால் நோய் வராது என்று எண்ணித் தடுப்பூசியை விடுவோர் அதிகம். வீரியம் வெள்ளைக்கழிச்சலை (ராணிக்கெட் நோயை) தடுக்காது. முதல் நாள் மாரெக் ஊசி, 5 முதல் 7ஆம் நாள் ராணிக்கெட் கண்சொட்டு, 14ஆம் நாளை ஒட்டி கம்போரோ, 28ஆம் நாள் லசோட்டா (இதுவும் ராணிக்கெட்டுக்கே), 6ஆவது வாரம் அம்மை, 8 முதல் 10ஆவது வாரத்தில் ஆர்.டி. (ராணிக்கெட்) ஊசி. மழைக்குப் பின் கொசு பெருகும் சமயத்தில் லெகார்ன் கலப்பின் பெரிய கொண்டையில்தான் அம்மைக் கொப்புளம் முதலில் தெரியும்.

முட்டைத் தீவனத்தை 16 வாரத்துக்கு முன் கொடுக்காதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். லெகார்ன் கலப்பு 20, 21 வாரத்தில் முட்டைக்கு வரும், கடக்நாத் கலப்பு சில வாரம் பின்தங்கும். ஒரே கொட்டகையில் இருந்தால் கிளிஞ்சல் குருணையைத் தனித் தொட்டியில் வையுங்கள். முட்டையிடுவது வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

ஹொஸ்கோட்டைத்தோட்டம்:
முடிவு: ஒரு பட்டியில் கடக்நாத் சேவல், 8 ரோட் ஐலண்ட் பெட்டை. இன்னொன்றில் ரோட் ஐலண்ட் சேவல், 6 வரி பிளைமவுத் ராக். நீலச் சேவலை அதன் சகோதரிகளின் முட்டையைப் பார்த்த பின் வாங்குகிறேன். வாங்கும் ரோட் ஐலண்ட் பெட்டைகள் இப்போது வேறு சேவலோடு நிற்கின்றன. கொண்டு வந்த அன்றே முட்டை சேர்க்கலாமா?

மரபுவரி:
கூடாது. பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கும். பெட்டைகளைச் சேவல் இல்லாமல் 3 வாரம் தனியே வையுங்கள். அந்த முட்டையைச் சாப்பிடலாம், விற்கலாம். பிறகு கடக்நாத்தை விட்டு ஒரு வாரம் கழித்து அடைமுட்டை சேர்க்கத் தொடங்குங்கள்.

பெட்டைகள் தனியே நிற்கும் நாட்களில் சேவலையும் வேறு இடத்தில் வைத்துப் பேன், செதில் கால் (உண்ணி போன்ற சிறு பூச்சியால் கால் செதில் தூக்கிக்கொள்வது), கழிச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் கடக்நாத் சேவல் இரண்டாக வாங்கி, ஒன்றைத் தனிப் பட்டியில் வையுங்கள். ஒன்று நொண்டினாலோ செத்தாலோ தொகுதி நிற்காது. முட்டையில் பட்டி எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை வேண்டாம். குஞ்சு காய்ந்ததும் பட்டிக்கு ஒரு நிறத்தில் கால் வளையம் போட்டு, கால் பருக்கப் பருக்க மாற்றுங்கள். மாற்ற மறந்தால் வளையம் சதைக்குள் இறங்கிவிடும்.